பாறைக்கும் பலாமரத்துக்கும் நடுவில் ஒரு நூல்

சுகன்யா, தினேஷ், ரோஷினி, மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதை வாசியுங்கள். பெரியவள் சத்தமாக வாசிக்கட்டும். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே போங்கள்.

முந்தாநாள் காலையில் நான் போட்ட சத்தம் உங்கள் காதில் இன்னும் இருக்கும். வீட்டுக்குப் பின்னால், மேட்டுப் பாறையிலிருந்து ஆனைக்கொய்யா மரத்துக்கு அப்பாயி ஒரு நூல் கட்டி வைத்திருந்தார் அல்லவா, மீன் பிடிக்கிறவர்கள் வைத்திருக்கும் தங்கூசி நூல், அதன் நடுவில் ஒரு முடிச்சைப் பார்த்தேன். உங்களில் யாரோ நூலை அறுத்துவிட்டு, இரண்டு முனையையும் சேர்த்து முடிந்து வைத்திருந்தீர்கள். பந்து எடுக்கப் போனபோது காலில் மாட்டியதோ, வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு தொங்கவிட ஒரு துண்டு வேண்டுமென்று வெட்டினீர்களோ, தெரியாது. "யாரு கட்டுனது?" என்று கேட்டேன். மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தீர்கள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒரு நூலுக்கா இந்தக் கத்து கத்துறீங்க? அறுந்தா என்ன, அதான் கட்டிட்டாங்கல்ல" என்றாள். அதைக் கேட்டதும்தான் எனக்குக் கை ஓங்கிவிட்டது. யார் மேலும் படவில்லை. ஆனாலும் ஓங்கினது ஓங்கினதுதான்.

நூலை அறுத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. கட்டியதற்குத்தான். ஏன் என்று இத்தனை வருசமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் அம்மாவிடமும் சொன்னதில்லை.

நீங்கள் அப்பாயி என்று கூப்பிட்ட வீராயி எனக்கு அம்மா இல்லை, அத்தை. எங்கள் அப்பாவின் அக்கா. கல்யாணமாகி ஆறாம் மாதம் புருசனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தவர், பிறகு தம்பி வீடே அவர் வீடாகிவிட்டது. நாங்கள் ஐந்து பேரும் அவர் காலில் படுத்துக் குளித்தவர்கள்தான். எங்கள் ஐந்து பேரின் பிள்ளைகளும் அதே காலில்தான். யாருக்கு எங்கே பெண் எடுப்பது, யாரைப் பதுளைக்குப் படிக்க அனுப்புவது, பசுவை எப்போது சினைக்கு விடுவது, எல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். அடையாள அட்டைப்படி அவருக்கு எண்பத்தெட்டு வயது. அத்தை அந்த அட்டையை நம்பியதே கிடையாது. "எம் மூஞ்சியைப் பார்த்து எவனோ போட்ட வயசு. அவன் எம் வயச எங்க கண்டான்?" என்பார்.

அட்டையை மட்டுமா? ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தால் பக்கத்துப் பெஞ்சில் இருப்பவரின் மாத்திரையோடு நிறத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார். பதுளைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் முதலில் டிரைவரின் கண்ணைப் பார்ப்பார், பிறகுதான் உட்காருவார். ஒரு தடவை லுணுகலையில் ஏறி, பார்த்து, இறங்கிவிட்டார். என்னையும் இழுத்துக்கொண்டுதான். அடுத்த பஸ் வர ஒன்றரை மணி நேரம்.

"ஏன் அத்தை எறங்குனீங்க?"

"அவன் கண்ணுல தூக்கம் இருக்குடா."

அந்த பஸ் பதுளைக்குப் போய்ச் சேர்ந்து, திரும்பி வரும் வழியில், நாங்கள் ஏறிய அடுத்த பஸ்ஸைக் கடந்தும் போனது. டிரைவர் கையைக் காட்டிவிட்டுப் போனார். "தப்பிச்சான்" என்றார் அத்தை. தான் நினைத்தது தப்பு என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் பால் இல்லாத வெறுந்தேத்தண்ணி கொடுப்பார். சீனியைக் கோப்பையில் போட மாட்டார், உள்ளங்கையில் வைப்பார். கொஞ்சம் நக்கிக்கொண்டு ஒரு மிடறு, மறுபடி கொஞ்சம் நக்கி ஒரு மிடறு. அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான், சீனி மிச்சமாகும். அத்தைக்கு மட்டும் வேறு ஒரு கணக்கு. சீனி வைக்கும்போது வந்தவரின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிடலாம். "வாய் என்னமும் பேசும். கையைப் பாரு" என்பார். உங்கள் அம்மாவைப் பெண் பார்க்கப் போன வீட்டிலேயே, தேத்தண்ணி கொடுக்க வந்த பெண்ணுக்கு இவர் சீனியை எடுத்து நீட்டினார். அவளும் ஒன்றும் புரியாமல் கையை விரித்தாள். விரலில் தேயிலைக் கொழுந்து முறித்த காய்ப்பு இருந்தது. "சரி, தேதி பாருங்க" என்று சொல்லிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

இவ்வளவு சந்தேகமும் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்கள் எல்லாரும் கேட்டு வளர்ந்த கதை ஒன்று இருக்கிறது. அத்தைக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார்கள். விடாத மழை. அவர்கள் குடியிருந்த ஒற்றை அறை, அந்த லயத்துக் காம்பிராவின் பின்கதவு நாலு நாளாகச் சாத்த முடியவில்லை. அடி, நிலத்தில் போய் இடித்தது. அத்தையின் அப்பா, அதாவது என் தாத்தா, கைவேலை தெரிந்த மனுசர். கதவைக் கழற்றி, உளியை எடுத்து, அடியில் ஒரு விரல் அளவுக்குச் செதுக்கி மறுபடி மாட்டினார். கதவு வெண்ணெய் மாதிரிச் சாத்தியது. சந்தோசத்தில் இரண்டு தடவை திறந்து திறந்து சாத்திப் பார்த்தாராம். மறுநாள் மத்தியானம் பின்மலை இறங்கி வந்தது. அவருடைய பெண்சாதியும் கைக்குழந்தை ஒன்றும் உள்ளே. அத்தை தம்பியை, அதாவது எங்கள் அப்பாவை, இடுப்பில் வைத்துக்கொண்டு பீலியடிக்குத் தண்ணிக்குப் போயிருந்ததால் இரண்டு பேரும் மிஞ்சினார்கள்.

கதவு நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, நிலம் நகருகிறது என்று. அதன் வாயைத்தான் தாத்தா செதுக்கிவிட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் ஒரு கதவையும் தன் கையால் சாத்தியதில்லையாம்.

அத்தை பெரியவளாகி எங்கள் தோட்டத்துக்கு வந்த பிறகு, லயத்துக்குப் பின்னால் இருந்த மலையை ஒரு நாளும் நம்பவில்லை. மலைக்கே சாமி கும்பிடுகிற ஆட்கள் நடுவில் இவர் ஒருத்தர் மலையை முறைத்துக்கொண்டு திரிந்தார். மேலே ஒரு பெரிய பாறை, கீழே சரிவில் ஒரு பலாமரம். பாறையின் வெடிப்பில் ஓர் இரும்பு ஆப்பை அடித்து, அதிலிருந்து பலாமரத்துக்கு இடுப்பு உயரத்தில் தங்கூசி நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினார். "பாறை நகராது. மரம் மண்ணோட போகும். நூலு ரெண்டையும் புடிச்சுக்கிட்டு நிக்கும்" என்று விளக்கம் சொன்னார். தினம் விடியற்காலையில், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் முன்னாலேயே, போய் நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவார். சத்தம் நேற்று மாதிரி இருந்தால் சரி. கீச்சென்று ஏறியிருந்தால் நூல் இழுபடுகிறது, மண் இறங்குகிறது. அறுந்திருந்தால் சட்டி பானையைக்கூடப் பார்க்காமல் வெளியே ஓட வேண்டும்.

வெயிலில் நைந்து போகும் என்று வருசத்துக்கு ஒரு தடவை நூலை மாற்றுவார். லுணுகலையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் வாங்குவார். எங்களுக்குக் கடலும் இல்லை, பெரிய ஆறும் இல்லை. நானா சுருளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "என்ன ஆத்தா, இந்த வருசமும் மலையில மீன் புடிக்கவா?" என்பார்.

"உங்க கள்ள அளவைப் புடிக்கத்தான் நானா. முழத்தை ஒழுங்கா அளங்க."

அவர் சிரித்துக்கொண்டே அரை முழம் கூட விடுவார். அந்த அரை முழத்தையும் அத்தை சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

நூல் விசயத்தில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. அறுந்தால் புது நூல்தான் கட்ட வேண்டும். முடிச்சுப் போட்டு ஒட்டக் கூடாது. "ஒட்டுப் போட்ட நூலு பொய் சொல்லும்" என்பார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

சுகன்யா பிறந்து எட்டு மாதம். நான் தேயிலை ஸ்டோரில், அந்தத் தொழிற்சாலையின் கொழுந்து வாட்டும் மாடியில், வேலைக்குச் சேர்ந்து பெயர் பதிந்த வருசம். அந்த மழைக்காலத்தில் அத்தை மூன்று தடவை லயத்தையே காலி பண்ணி, எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார். நூலின் சத்தம் ஏறுகிறதாம். மூன்று தடவையும் மழை விட்டு வெயில் வந்துவிட்டது. மலை மலையாகவே நின்றது. ஆட்களுக்கு வேலை கெட்டது, எரிச்சல். "நூலாத்தா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஸ்டோரில் என்னைப் பார்த்தால், "என்னப்பா, ஒங்க அத்தையோட தந்தி இன்னைக்கு என்ன சொல்லுது?" என்று ஒரே சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது தடவை பள்ளிக்கூடத்துச் சிமெந்துத் தரையில் கிடந்ததில் சுகன்யாவுக்குச் சளி கட்டி, நெஞ்சு கர்கர் என்றது. பதுளைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வாரம் இருந்து, அப்போதுதான் திரும்பி வந்திருந்தோம். மறுபடி மழை. நாலாம் நாள் பின்னேரம் வேலை விட்டு, குறுக்குப் பாதையில், பலாமரத்தடியால் வருகிறேன். நூல் அறுந்து கிடந்தது.

நான் நின்றேன். ஆடு மாட்டியிருக்கும் என்று நினைத்தேன். மேலே ஆட்டுப் புழுக்கை எங்கேயாவது கிடக்கிறதா என்று தேடினேன். இல்லை. இல்லையென்றாலும் ஆடுதான் என்று முடிவு பண்ணினேன். அத்தை இதைப் பார்த்தால் இந்த மழையில் பிள்ளையை மறுபடி அந்தத் தரைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஊரே சிரிக்கும். பிள்ளையை நினைத்தது பாதி, சிரிப்பை நினைத்தது பாதி. எது பெரிய பாதி என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது.

இரண்டு முனையையும் இழுத்தேன். எட்டவில்லை. நேற்று வரை எட்டிக்கொண்டிருந்த நூல் ஏன் இன்றைக்கு எட்டவில்லை என்று ஒரு நிமிசம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல், வேலியில் கிடந்த ஒரு துண்டு நூலை நடுவில் சேர்த்து, விரலில் சுற்றி, பலங்கொண்ட மட்டும் இழுத்து இரண்டு முடிச்சுப் போட்டேன். ஈரத் தங்கூசி சுட்டுவிரலை அறுத்து ரத்தம் வந்தது. வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

விடிந்தும் விடியாததுமாக வாசலில் தகரச் சத்தம். அத்தை சோத்துச்சட்டி மூடியைக் கரண்டியால் அடித்துக்கொண்டு வருகிறார். தப்பு அடிப்பவரின் அடி தோற்றுப்போகும். காம்பிராக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பக்கத்துக் காம்பிரா முத்தையா மாமா போர்வையோடு வெளியே வந்து, "இன்னைக்கு எத்தனாவது தடவை ஆத்தா? ஒரு அட்டவணை போட்டுக் குடுத்தா நாங்களே போயிருவோம்ல" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

நான் முன்னால் வந்து, "நூலு அந்தா இருக்கே அத்தை. அறுகலையே" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தார். நேராக உள்ளே போய், தொட்டிலில் கிடந்த சுகன்யாவைப் போர்வையோடு சுருட்டித் தூக்கி, சேலைத் தலைப்பால் மூடி, மழையில் இறங்கி நடந்தார். பிள்ளை வீறிட்டது. உங்கள் அம்மா, "ஐயோ, பச்ச ஒடம்பு அத்தை" என்று பின்னாலேயே ஓடினாள். அவள் ஓடியதால் நான் ஓடினேன். நாங்கள் ஓடுவதைப் பார்த்து மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். முத்தையா மாமாதான் கடைசி. வெற்றிலைப் பெட்டியை எடுக்கத் திரும்பிப் போய்விட்டு வந்தார்.

பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரம். பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. கூரைத் தகரம் மடங்குகிற மாதிரி ஒரு நீளமான முனகல். போய்ப் பார்த்தால் கடைசி நாலு காம்பிராவும் இல்லை. நாலில் ஒன்று எங்களுடையது. தொட்டில் கட்டியிருந்த வளை சேற்றுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. பலாமரம் நின்ற வாக்கிலேயே இறங்கி வந்து எங்கள் அடுப்படி இருந்த இடத்தில் நின்றது. ஆள் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. முத்தையா மாமாவின் ஏழு கோழிகள் போயின.

அதற்குப் பிறகு அத்தைக்கு ஒரே மரியாதை. அதிகாரிகள் வந்து கேட்டார்கள், "எப்புடி அம்மா தெரிஞ்சுச்சு?"

"நூலு சொல்லுச்சு" என்றார். அவ்வளவுதான். முடிச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மாறாக, அன்றிலிருந்து நான் அத்தையைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். அவருக்குத் தெரியுமா? தெரியாதா? தெரிந்தால் ஏன் கேட்கவில்லை? கேட்காமல் எதற்காகக் காத்திருக்கிறார்? அவர் திரும்பினால் திடுக்கென்றது. யாரிடமாவது தணிந்த குரலில் பேசினால் என்னைப் பற்றித்தானோ என்றிருந்தது. விரல் காயத்தைத் துணியால் சுற்றி, ஸ்டோரில் வெட்டுப்பட்டது என்று உங்கள் அம்மாவிடம் சொல்லி வைத்தேன். தங்க இடம் கொடுத்திருந்த தகரக் கொட்டகையில் ஆறு பேர் ஒட்டி ஒட்டிப் படுத்திருந்தோம். அதற்குள் நான் மட்டும் தனியாக ஒளிந்துகொண்டிருந்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். மண்ணெண்ணெய் அடுப்பில் தேத்தண்ணி போட்டு எல்லாருக்கும் கொடுத்துவிட்டு அத்தை என் முன்னால் வந்து குந்தினார். "கைய நீட்டு" என்றார். இடது கையை நீட்டினேன். "சோத்துக் கைய நீட்டு."

நீட்டினேன். துணியை அவரே மெதுவாக அவிழ்த்தார். விரலைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி மெல்லிசாக ஒரு வெட்டு. கத்தி அப்படி வெட்டாது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சீனியை உள்ளங்கையில், காயத்தில் படாமல், வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடவே வைத்தார்.

"எங்கப்பாவும் நல்ல மனுசன்தான்" என்றார். "கதவைச் செதுக்குனாரு."

எழுந்து போய்விட்டார்.

நான் அந்தச் சீனியைத் தின்னவில்லை. கையிலேயே கரைந்தது.

சாகும்வரை அவர் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை, சொல்லியிருந்தால் முத்தையா மாமா ஏழு கோழிக்கும் என்னை வசைப்பாட்டாலேயே கொன்றிருப்பார். ஆனால் அடுத்த வருசம் புது நூல் கட்டும்போது, "டேய், இங்க வந்து இந்த முனையைப் புடி" என்று என்னைக் கூப்பிட்டார். அதுவரை அந்த முனையை அவர் யாரையும் தொட விட்டதில்லை. நான் மரத்தடியில் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் பாறையிலிருந்து இழுத்துக் கட்டுவார். வருசா வருசம் அதுதான். இந்தப் புது வீடு கிடைத்து வந்த பிறகும் அதுதான். பெக்கோ இயந்திரம் வெட்டி எடுத்த நிலம் என்று வீட்டுக்குள் கால் வைக்கும் முன்னாலேயே வெட்டிய மண்கரையைச் சுற்றிப் பார்த்து, பாறையைத் தேடியவர் அவர்.

போன மாதம் படுக்கையில் விழுந்த பிறகு தினமும் காலையில் ஒரே கேள்வி.

"நூலு?"

"இருக்கு அத்தை."

"பார்த்துட்டுச் சொல்றியா, சும்மா சொல்றியா?"

நான் எழுந்து போய், சுண்டிப் பார்த்துவிட்டு வந்துதான் மறுபடி சொல்வேன். கடைசி நாள் காலையிலும் போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து சொன்னபோது கண் மூடியிருந்தது. காதில் விழுந்ததா என்று தெரியாது.

இப்போது அந்தப் பழைய லயம் இருந்த இடத்தில் மானாப்புல் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. பெரட்டுக்குத் தப்பு அடிப்பதில்லை. நானாவின் கடையில் அவருடைய மகன் போனுக்குக் காசு போடுகிறான், தங்கூசி கேட்டால் "அதெல்லாம் இப்ப யாரு அண்ணே" என்கிறான். மழை கூடினால் எச்சரிக்கை போனில் வருகிறது. நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. நீங்கள் அதை ஒரு விரலால் தள்ளிவிட்டு வேறு எதையோ பார்ப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். சீனி டப்பா மேசையில் இருக்கிறது, வேண்டுமென்கிற அளவுக்குக் கோப்பையில் போட்டுக்கொள்கிறோம். ஒருவர் கையை ஒருவர் திருப்பிப் பார்ப்பதில்லை. நம்மைச் சந்தேகப்பட இந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. அது எவ்வளவு பெரிய இழப்பு என்று உங்களுக்குப் புரிய வயசாகும்.

நேற்றுப் பின்னேரம் நான் உங்கள் மூன்று பேருக்கும் சீனியைக் கையில் வைத்துத் தேத்தண்ணி கொடுத்தது ஞாபகம் இருக்கும். "அப்பாவுக்கு என்னாச்சு?" என்று சிரித்தீர்கள். ஒரு விரலில் மெல்லிசாக ஒரு வெட்டு இருந்தது. எந்த விரல், யாருடையது என்று எழுத மாட்டேன். கேட்கவும் மாட்டேன். அந்தக் கையில் சீனி கொஞ்சம் கூட விழுந்திருக்கும்.

உங்களுக்குச் சொல்ல நினைத்தது இங்கே முடிந்துவிட்டது. இதற்குக் கீழே எழுதுவது இன்று காலை நடந்தது.

நீங்கள் பள்ளிக்கூடம் போய், அம்மாவும் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பிறகு, முடிச்சுப் போட்ட அந்த நூலை இரண்டு பக்கமும் அவிழ்த்துச் சுருட்டி எடுத்தேன். பதுளையில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கிய புதுச் சுருளைப் பிரித்தேன். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. முதலில் மரத்தில் கட்டிவிட்டு, பாறை வரை நடந்துபோய், ஆப்பில் சுற்றி இழுத்தேன். விரலில் துணி சுற்றிக்கொண்டுதான். நடுவில் ஒட்டு இல்லாத ஒரே நூல். பிறகு திரும்பி வந்து, நகத்தால் ஒரு சுண்டு சுண்டினேன்.

சுண்டிவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பி, "பார்த்துட்டுத்தான் சொல்றேன் அத்தை" என்றேன்.